573 பாகையில் ஒரு வகுத்தல் கணக்கு

பீங்கான் சூளையை 1300 பாகை வரை ஏற்றுவதற்கு எரிபொருளும் பொறுமையும் இருந்தால் போதும். சூட்சுமம் எல்லாம் இறக்குவதில்தான். மேலிருந்து இறங்கி வரும் சூளை 600 பாகையை நெருங்கியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். 573 பாகை செல்சியஸைத் தாண்டும்வரை அவசரம் கூடாது. அவசரப்பட்டால், சூளையைத் திறக்கும்போது கோப்பையின் அடியில் மயிரிழைக் கீறு ஒன்று ஓடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடும். நல்ல கோப்பையைச் சுண்டினால் மணி போல நாதம் நீளும். கீறு விழுந்தது ‘டொக்’ என்று அதே இடத்தில் அடங்கிவிடும்.

இலங்கையின் மாத்தளைக்கு 573 என்ற எண் அந்நியமானதில்லை. 1904இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய நொரிடாக்கே நிறுவனத்துக்கு, மாத்தளை வரகாமுறையில் ஓர் ஆலை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அரசின் பங்காளித்துவத்தோடு வந்தது. அங்கே செய்யும் கோப்பையும் பீரிசும் கப்பலேறி உலகெங்கும் போகின்றன. பீங்கானுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் மூன்று: கயோலின் என்ற வெண்களி, பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். வெண்களிக்குப் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட என்று மேற்கிலும் தெற்கிலும் போக வேண்டும். மற்ற இரண்டும் மாத்தளை மாவட்டத்து மலைகளிலேயே உண்டு. கைகாவலைக்குப் பக்கத்தில் ஓவலயில் பெல்ட்ஸ்பார் வெட்டுகிறார்கள். ரத்தோட்டைப் பக்கம் குவார்ட்ஸ் வெள்ளை வெளேரென்ற நரம்புகளாகப் பாறைக்குள் ஓடுகிறது. சிங்களத்தில் அதைத் திருவானா என்பார்கள்.

மூன்றுக்கும் மூன்று வேலை. களி உருவத்தைத் தாங்கும். பெல்ட்ஸ்பார் சூட்டில் உருகி, கண்ணாடியாக மாறி, இடைவெளிகளை நிரப்பும். குவார்ட்ஸ் மணிகள் பெரும்பாலும் உருகாமல் நின்று, மற்ற இரண்டும் குழைந்து சரிந்துவிடாமல் எலும்புக்கூடாக இருக்கும். அந்த எலும்புக்கூடுதான் 573இல் வம்பு செய்கிறது.

வம்பைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி லெ ஷாதெலியே. குவார்ட்ஸைச் சூடாக்கி அது எவ்வளவு விரிகிறது என்று அளந்துகொண்டே போனவர், 570 பாகையை ஒட்டி அளவு திடீரெனத் தாவுவதை 1889இல் கண்டார். கல் உருகவில்லை, வேறு பொருளாகவும் மாறவில்லை. ஆனால் உள்ளே என்னவோ இடம் மாறியிருக்கிறது. சூடு இறங்கும்போது அதே இடத்தில் அதே தாவல் பின்னோக்கி நடக்கிறது. கோப்பைக்குள் பதிந்திருக்கும் ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியும் சட்டென்று சுருங்குகிறது. அதற்குள் இறுகிவிட்ட கண்ணாடியோ அதோடு சேர்ந்து சுருங்க மறுக்கிறது. மணியைச் சுற்றி இழுவிசை ஏறுகிறது. கோப்பையின் ஒரு பக்கம் 573க்குக் கீழும் மறுபக்கம் மேலும் இருந்துவிட்டால், அந்த இழுவிசை கீறாக வெடிக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவைச் சுற்றியும் நான்கு ஒட்சிசன் அணுக்கள் ஒரு நான்முகியின் மூலைகளில் உட்கார்ந்திருக்கின்றன. மூலையோடு மூலை கோத்த இந்த நான்முகிகள், சாலகம் என்ற அணு அடுக்கு முழுவதும் திருகுப்படி போல ஏறிப் போகின்றன. 573க்கு மேலே அவை சராசரியாக நேராக நிற்கின்றன. கீழே வந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகச் சாய்கின்றன. அறை வெப்பநிலைக்கு வரும்போது சாய்வு ஏறத்தாழ 16 பாகை. ஒரு பிணைப்பும் அறுவதில்லை, ஓர் அணுவும் பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்வதில்லை. அதனால்தான் இந்த மாற்றத்தைத் தடுக்கவும் முடியாது. தணிப்பதை என்னதான் விரைவுபடுத்தினாலும் மேல்வடிவத்தைப் பிடித்து வைக்க இயலாது.

இங்கேதான் இயற்கணிதம் உள்ளே வருகிறது. நன்றாக வளர்ந்த ஒரு குவார்ட்ஸ் படிகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். (நரம்புக் குவார்ட்ஸில் அப்படி ஒன்று எளிதில் அகப்படாது, பாறைப் பொந்துகளில் வளர்ந்ததைத் தேட வேண்டும்.) உடல் ஆறு பக்கப் பட்டகம், நுனியில் ஆறு முகங்கள். முதல் பார்வைக்கு அறுகோண ஒழுங்கு போலவே இருக்கும். நுனி முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால் குட்டு வெளிப்படும்: ஒன்று பெரியது, அடுத்தது சிறியது, மறுபடி பெரியது, மறுபடி சிறியது. 60 பாகை திருப்பினால் பெரியது இருந்த இடத்தில் சிறியது வந்து நிற்கும், திருப்பியது தெரிந்துவிடும். 120 பாகை திருப்பினால் தெரியாது. எரிமலைப் பாறைகளில், 573க்கு மேற்பட்ட சூட்டில் வளர்ந்த குவார்ட்ஸில் ஆறு முகங்களும் ஒரே அளவாக இருக்கும். அங்கே 60 பாகை திருப்பினாலும் யாருக்கும் தெரியாது.

ஒரு பொருளைத் திருப்பியதே தெரியாதபடி திருப்பும் எல்லா வழிகளையும் திரட்டினால் கிடைக்கும் தொகுதியைக் கணிதம் குலம் என்கிறது. இரண்டு திருப்பங்களை அடுத்தடுத்துச் செய்தாலும் அதே குலத்தில் உள்ள ஒரு திருப்பம்தான் கிடைக்கும். எந்தத் திருப்பத்தையும் திரும்பப் பெறலாம். சும்மா இருப்பதும் ஒரு திருப்பமாகக் கணக்கில் சேரும். இவ்வளவுதான் இலக்கணம். சூட்டுக் குவார்ட்ஸின் குலத்தில் 12 திருப்பங்கள்: நடு அச்சைச் சுற்றி ஆறு, பக்கவாட்டு அச்சுகளைப் பற்றித் தலைகீழாகக் கவிழ்ப்பவை ஆறு. குளிர்ந்த குவார்ட்ஸில் ஒவ்வொரு வகையிலும் மூன்று மூன்றாக ஆறுதான் மிஞ்சுகின்றன. இந்த ஆறும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கியவை. பெரிய குலத்தின் உட்குலம்.

18ஆம் நூற்றாண்டில் லக்ராஞ்சு போட்ட விதை, பிற்காலத்தில் அவர் பெயரிலேயே ஒரு தேற்றமாக வளர்ந்தது: உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை, முழுக் குலத்தின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும். 12ஐ 6ஆல் வகுத்தால் 2. பாடசாலைப் பிள்ளை செய்யும் கணக்கு. ஆனால் அந்த 2க்குக் கல்லுக்குள் ஓர் அர்த்தம் இருக்கிறது. குவார்ட்ஸ் 573ஐத் தாண்டி இறங்கும்போது சரியாக இரண்டு விதமாகச் சாயலாம்: வலமாக அல்லது இடமாக. மூன்றாவது வழி கிடையாது. ஒரே மணியின் ஒரு பகுதி வலமாகவும் இன்னொரு பகுதி இடமாகவும் சாய்ந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பும். கனிமவியலாளர்கள் இதைப் பிரான்சின் தோஃபினே பிரதேசத்தின் பெயரால் தோஃபினே இரட்டை என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, சாதாரண முனைவாக்க ஒளியிலும் தெரியாது. ஐதரோபுளோரிக் அமிலத்தால் அரித்துப் பார்த்தால்தான் திட்டுத்திட்டாக வெளியே வரும்.

குவார்ட்ஸில் இன்னொரு இரட்டையும் உண்டு, பிரேசில் இரட்டை என்று பெயர். அதில் ஒரு பாதியின் திருகுப்படி வலச்சுழி, மறுபாதியின் திருகுப்படி இடச்சுழி. இது சூட்டால் வந்ததா என்று கேட்டால், கல்லைப் பார்க்காமலே இல்லை என்று சொல்லிவிடலாம். வலச்சுழியை இடச்சுழியாக்க ஒரு கண்ணாடிப் பிரதிபலிப்பு வேண்டும். சூட்டுக் குவார்ட்ஸின் பன்னிரண்டில் பிரதிபலிப்பு ஒன்றுகூட இல்லை. இல்லாத ஒன்றை இழக்க முடியாது. இழக்காத ஒன்றிலிருந்து இரட்டை பிறக்காது. ஆகவே பிரேசில் இரட்டை 573இல் பிறந்ததல்ல, பெரும்பாலும் வளரும்போதே வந்தது. ஒரு கல்லின் கடந்த காலத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசும் துணிச்சல் குலக் கோட்பாட்டுக்கு மட்டும்தான் உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பன்னிரண்டு உறுப்புக் குலத்துக்கு இந்த ஓர் உட்குலம் மட்டுமில்லை. எண்ணிப் பார்த்தால், முழுக் குலத்தையும், சும்மா இருப்பது மட்டும் உள்ள குலத்தையும் சேர்த்து மொத்தம் 16 வருகின்றன. பெரியதை மேலேயும் அதற்குள் அடங்கியதைக் கீழேயும் வைத்துக் கோடு போட்டு இணைத்தால் ஒரு படம் கிடைக்கும். அந்தப் படத்தில் ஓர் ஒழுங்கு உண்டு: எந்த இரண்டு உட்குலங்களை எடுத்தாலும், இரண்டுக்கும் பொதுவாகக் கீழே இருப்பவற்றில் ஆகப் பெரியது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், இரண்டையும் உள்ளடக்கி மேலே இருப்பவற்றில் ஆகச் சிறியதும் ஒன்றே ஒன்றுதான். இந்த ஒழுங்கு உள்ள அமைப்புகளையும் கணிதம் சாலகம் என்றே அழைக்கிறது. அணுக்களின் சாலகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மேல், கீழ் என்ற வரிசையை மட்டும் பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெடெகிண்ட் இதைத் தொடங்கி வைத்தார். 1940இல் காரெட் பிர்க்கோஃப் எழுதிய நூலுக்குப் பிறகு இது தனித் துறையாக நிலைத்தது.

பொதுவாகக் கீழே இருப்பதில் ஆகப் பெரியது என்பதால் என்ன பயன்? 1880இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் துண்டை அமுக்கினால் அதன் பக்கங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். எல்லாத் திசைகளிலும் அல்ல, சில திசைகளில் அமுக்கினால் மட்டுமே தோன்றுகிறது. பியேர் கியூரி 1894இல் அதற்கு ஒரு விதி சொன்னார்: கல்லின் சமச்சீரும் அதன் மேல் செலுத்தும் விசையின் சமச்சீரும் சந்திக்கும்போது, இரண்டுக்கும் பொதுவானது மட்டுமே எஞ்சும். சாலக மொழியில் சொன்னால், இரண்டு குலங்களுக்கும் பொதுவாகக் கீழே உள்ளதில் ஆகப் பெரியது. நடு அச்சின் வழியே அமுக்கினால் கல்லின் ஆறு திருப்பங்களும் அப்படியே எஞ்சுகின்றன. அவற்றில் அச்சைத் தலைகீழாகக் கவிழ்ப்பவையும் இருப்பதால், மேல், கீழ் என்ற வேறுபாட்டுக்கு இடமில்லை, மின்னேற்றமும் இல்லை. பக்கவாட்டு அச்சு ஒன்றின் வழியே அமுக்கினால், அந்த அச்சைச் சுற்றிய ஓர் அரைச்சுற்று மட்டும் மிஞ்சுகிறது. அந்த அச்சின் ஒரு முனையை மறுமுனையாக்கும் திருப்பம் எதுவும் இல்லை. ஆகவே ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்று பிரிய வழி திறக்கிறது. மின்னேற்றம் வருகிறது. கல்லை 573க்கு மேலே சூடாக்கிவிட்டு அதே அச்சில் அமுக்கினால்? பன்னிரண்டிலிருந்து நான்கு எஞ்சும், அவற்றில் முனையை மாற்றும் அரைச்சுற்றுகள் இரண்டு இருக்கும். மின்னேற்றம் இல்லை. மணிக்கூட்டுக்குள் விநாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு வேலை செய்வது, பன்னிரண்டு ஆறாகக் குறைந்திருப்பதால்தான்.

தோஃபினே இரட்டையின் இரண்டு பாதிகளுக்கும் இந்த நேர், எதிர் முனைகள் ஒன்றுக்கொன்று தலைமாறி இருக்கும். ஒன்றின் மின்னை மற்றது தின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் வானொலிக் கருவிகளுக்குக் குவார்ட்ஸ் அறுத்த ஆலைகளில், இரட்டை உள்ள கல் என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள்.

ஓவல பெல்ட்ஸ்பாருக்கு வருவோம். அங்குள்ள பெருமணிப் பாறைகளில் கிடைக்கும் பொட்டாசியப் பெல்ட்ஸ்பார் பெரும்பாலும் மைக்ரோக்ளின் என்ற வகை. அதை மெல்லிய சீவலாக அறுத்து, முனைவாக்க ஒளி நுணுக்குக்காட்டியில் வைத்தால், கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் பாய்ந்து, கட்டம் போட்ட சாரத்தை விரித்ததுபோல இருக்கும். புவியியல் மாணவர்கள் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் அடையாளம் இது. காரணத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சூடாக இருந்தபோது இந்தக் கனிமத்தின் குலத்தில் நான்கு உறுப்புகள்: சும்மா இருத்தல், ஓர் அரைச்சுற்று, ஒரு பிரதிபலிப்பு, மையத்தின் வழியே புரட்டல். ஆற ஆற அலுமினியமும் சிலிக்கனும் தங்களுக்குரிய இடங்களில் ஒழுங்காக உட்காரத் தொடங்குகின்றன. அரைச்சுற்றும் பிரதிபலிப்பும் தொலைகின்றன. நான்கை இரண்டால் வகுத்தால் இரண்டு திசைகள். தொலைந்த அந்த இரண்டு அசைவுகளும் இரண்டு வகைச் சுவர்களாகத் திரும்பி வருகின்றன. பிரதிபலிப்பு ஒரு திசையில் கோடு போடுகிறது, அரைச்சுற்று அதற்கு ஏறத்தாழ செங்குத்தாகக் கோடு போடுகிறது. இழப்புக் கணக்கைக் கண்ணால் பார்க்கக் கூடிய இடம் இதைவிட வேறு கிடையாது. சூளைக்குள் போனதும் இந்தக் கட்டங்கள் எல்லாம் உருகிக் கண்ணாடியாகிவிடும்; கோப்பையில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

கணிதத்தின் பெருமையை இதற்கு மேல் நீட்டினால் பொய்யாகிவிடும். எத்தனை வழிகள் உண்டு என்று வகுத்தல் சொல்லும். எந்த வெப்பநிலையில் நடக்கும், எவ்வளவு சுருங்கும் என்று சொல்லாது. பன்னிரண்டுக்கு நேர் கீழே இருக்கும் உட்குலங்களில் குவார்ட்ஸ் ஏன் இதைத் தேர்ந்தது என்பதை அணுக்களுக்கிடையிலான விசைகளிடம்தான் கேட்க வேண்டும். 573இல் கூட மேலிருந்து கீழுக்கு ஒரே தாவல் என்று சொல்வது முழு உண்மை இல்லை. இடையில் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை அகலத்துக்கு, வலச்சாய்வும் இடச்சாய்வும் அலை போல மாறி மாறி வரும் ஒரு விசித்திர நிலை இருப்பதை 1980களை ஒட்டி இயற்பியலாளர்கள் கண்டார்கள். அந்த அலையின் நீளம் சாலகத்தின் அளவுக்கு முழு மடங்காகப் பொருந்துவதில்லை. எளிய உட்குலக் கணக்கில் அதற்கு இடமில்லை.

ஆலையில் இருப்பவர் கணக்கை வேறு வழியில் தீர்க்கிறார். குவார்ட்ஸை உருளை ஆலையில் போட்டு, மணி ஒவ்வொன்றும் 10 முதல் 30 மைக்ரோமீற்றர் அளவாகும்வரை அரைக்கிறார். மணி பெரிதாக இருந்தால் 573இல் தன்னைச் சுற்றிக் கீறும். இந்த அளவில் இருந்தால், அதே சுருக்கம் சுற்றியுள்ள கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக் கோப்பைக்குப் பலம் சேர்க்கும். இன்னும் பலம் வேண்டும் என்றால் குவார்ட்ஸையே விட்டுவிட்டு அலுமினாவைச் சேர்ப்பார்கள். உயர் அழுத்த மின்கம்பங்களின் பீங்கான் காவலிகளில் அதுதான் நடந்தது. பாத்திரப் பீங்கான் பொறியியல் பீங்கானாக மாறும் எல்லை ஏறத்தாழ இங்கே.

எல்லைக்கு அப்பால் நிற்கும் பொருள்களில் மிகக் குறும்பானது சிர்க்கோனியா. உருகுநிலைக்குச் சற்றுக் கீழே அதன் சாலகம் கனசதுரம், குலத்தில் 48 உறுப்புகள். ஏறத்தாழ 2370 பாகையில் ஒரு பக்கம் நீண்டு 16 ஆகிறது. 1170 பாகையை ஒட்டிச் சரிந்து 4 ஆகிறது. 48ஐ 16ஆல் வகுத்தால் 3. 16ஐ 4ஆல் வகுத்தால் 4. ஒரு கனசதுரம் கடைசியில் 12 விதமாகச் சரியலாம். இரண்டாவது படியில் பருமன் 4 முதல் 5 வீதம் வரை கூடுகிறது. குவார்ட்ஸ் சுருங்கியே கோப்பையை உடைத்தது. இது விரிந்து தன்னையே பொடியாக்கிக்கொள்ளும். தூய சிர்க்கோனியாவால் ஒரு கட்டிகூடச் சுட முடியாது.

இட்ரியா, மக்னீசியா, கல்சியா போன்ற ஒட்சைட்டு ஒன்றைக் கொஞ்சம் கலந்தால், நடுப்படியில் இருக்கும் மணிகளை அறை வெப்பநிலை வரை கொண்டுவந்து நிறுத்தலாம். 1975இல் அவுஸ்திரேலியாவில் கார்வி, ஹனிங்க், பாஸ்கோ மூவரும் காட்டியது இதன் அடுத்த கட்டம்: பொருளில் கீறு ஒன்று விழுந்து முன்னேறினால், அதன் நுனியில் உள்ள இழுவிசை அங்கிருக்கும் மணிகளைக் கடைசிப் படிக்குத் தள்ளிவிடும்; மணிகள் விரிந்து கீறை நெருக்கி மூடும். சூளைக்காரரின் சனியனே இங்கே காவல்காரன். இன்று பல் வைத்தியர் வைக்கும் வெள்ளைத் தொப்பிகளில் பல இந்தப் பொருளால் ஆனவை. அதற்கு மூலமான சிர்க்கோன் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கிறது. அதை மணலாகவே கப்பலேற்றிவிட்டு, பல்லாகத் திருப்பி வாங்கும் வியாபாரம் எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

மாத்தளைக்கும் பொலநறுவைக்கும் நடுவே, அம்பன் கங்கையை ஒட்டிய எலஹெர இரத்தினக்கல் பூமியிலும் சிர்க்கோன் உண்டு. ஆனால் அங்கே எல்லாருக்கும் வேண்டியது நீலக்கல். நீலக்கல் என்பது குருந்தம். குருந்தம் என்பது மின்காவலியில் சேர்த்த அதே அலுமினாதான். அதன் குலத்தில் 12 உறுப்புகள், அறை வெப்பநிலையிலிருந்து 2050 பாகையை ஒட்டி உருகும்வரை அதே 12. இடையில் ஒரு படியும் இல்லை, வகுக்க ஒன்றும் இல்லை. கெவுட என்ற பால்நிறக் குருந்தத்தை உலையில் போட்டு நீலமாக்கும் தொழில் நிற்பது இந்த அசையாமையின் மேல்தான். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக அள்ளிப் போன கல் அது. 1700 பாகையையும் தாண்டிய சூட்டில், கல்லுக்குள் பால் போலத் தெரிந்த ரூட்டைல் ஊசிகள் கரைந்து, தைத்தேனியம் இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. குருந்தம் அப்படியே இருக்கிறது.

அதற்குள் அகப்பட்டுக்கொண்ட விருந்தாளிகள் அப்படி இருப்பதில்லை. இலங்கை நீலக்கற்களுக்குள் நுண்ணிய சிர்க்கோன் மணிகள் இருப்பது வழமை. 1700 பாகையை ஒட்டிய சூட்டில் சிர்க்கோன் பிரிந்து சிலிக்காவாகவும் சிர்க்கோனியாவாகவும் ஆகிறது. உலை ஆறும்போது அந்தச் சிர்க்கோனியா, குருந்தத்துக்குள் பூட்டப்பட்ட நிலையிலேயே, 16இலிருந்து 4க்கு இறங்குகிறது. கல் சுட்டதா சுடாததா என்று சோதிக்கும் ஆய்வுகூடங்களில், சிர்க்கோன் மணியின் ஓரத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிதறும் நிறமாலையைப் பார்ப்பார்கள். சரிந்த சிர்க்கோனியாவின் கோடுகள் அதில் தெரிந்தால், சான்றிதழில் ‘சூடேற்றப்பட்டது’ என்று எழுதிவிடுவார்கள்.